செடிக்குப் பின்னால் நின்றவர்

கேமரன் மலையில் புகைப்படத்தை மூக்கால் பார்த்த ஒரே மனிதர் எங்கள் சி.ஐ.டி.தான். கண்ணால் பார்ப்பதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். யார் வீட்டுச் சுவரில் பழைய படம் மாட்டியிருந்தாலும் சரி, வணக்கம் சொல்வதற்கு முன்பே நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சட்டத்தின் இடுக்கில் மூக்கை வைத்து ஓர் இழுப்பு இழுப்பார். பிறகு கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கும் பூதக்கண்ணாடியை எடுப்பார். அதற்கப்புறம்தான் வீட்டுக்காரரை நலம் விசாரிப்பார். பல வீடுகளில் அந்தக் கட்டம் வருவதற்குள் அவரை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

அவருடைய நிஜப் பெயர் ஊரில் பாதிப் பேருக்கு அவர் இறந்த அன்றுதான் தெரிந்தது. பெயரைச் சொல்லித்தான் செய்தி அனுப்பியிருந்தார்கள். யாரோ எவரோ என்று கடமைக்கு வந்தவர்கள், உள்ளே எட்டிப் பார்த்து, "அலாமாக், நம்ம சி.ஐ.டி.யா!" என்று மழையில் நனைந்த குடையோடு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

அவர் போலீசில் இருந்தவர் இல்லை. காய்கறி லோரி ஓட்டியவர். பெர்த்தாம் பள்ளத்தாக்கிலிருந்து முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர் பாசாருக்குப் போய் வருவதே அவருடைய வாழ்க்கை. பட்டப்பெயர் வந்தது ஒரு கோழியால். எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று காணாமல் போனது. இவர் ஓர் இறகைப் பொறுக்கி, மோந்து, கண்ணாடியில் பார்த்து, "மூசாங் வேல. பல்லுத் தடம் இருக்கு. மேற்கால போயிருக்கு" என்று தீர்ப்பளித்தார். மூசாங் என்றால் மரநாய். பாதி லயம் தடியோடு மூடுபனிக்குள் மேற்கே போயிற்று. ஒருவர் கால்வாயில் விழுந்து கணுக்கால் பிசகிக்கொண்டார். சாயங்காலம் பார்த்தால் கோழி இவருடைய லோரியின் டிரைவர் சீட்டில் முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா? மூசாங்தான் கொண்டாந்து ஒளிச்சு வச்சிருக்கு" என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அன்றிலிருந்து அவர் சி.ஐ.டி. அதற்குப் பிறகு அவர் துப்புத் துலக்கிய எதுவும் சரியாக வந்ததில்லை. கோயில் உண்டியலை உடைத்தது இடது கைக்காரன் என்றார். அது துருப்பிடித்துத் தானாக விழுந்திருந்தது. ஒரே ஒரு முறை மட்டும் ஜெயித்தார், அதுவும் ஜெயித்திருக்கக் கூடாத இடத்தில். ஒரு துக்க வீடு. நடுக்கூடத்தில் பிணம், தலைமாட்டில் மாலை போட்ட படம், பெண்கள் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். இவர் குனிந்து படத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, "இது எட வலம் மாத்திப் பிரிண்டு போட்டது லா. மாமாவுக்கு வகிடு எடது பக்கம். இதுல வலது பக்கம் இருக்கு" என்றார். அழுகை நின்றது. விதவையான அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தையும் பிணத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆமாடா பாவிகளா! யாரு மூஞ்சியடா கொண்டாந்து வச்சிருக்கீங்க?" என்று மகன்கள் மேல் பாய்ந்தார். அடக்கம் தாமதமாயிற்று. அதற்குப் பிறகு துக்க வீடுகளில் சி.ஐ.டி.யை வாசலிலேயே நிறுத்தி, கையில் ஒரு கிளாஸ் தண்ணீரைக் கொடுத்து, கூடவே ஓர் ஆளையும் நிறுத்தி வைப்பார்கள்.

நான் எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலைக்காக மலையேறியவன், இறங்கவில்லை. தானா ராத்தாவில் ஒரு சிறிய வீடு. சி.ஐ.டி. என்னைச் 'சிக்கு' என்று கூப்பிடுவார். மலாய்க்காரர்கள் ஆசிரியரைக் கூப்பிடும் சொல் அது. சனிக்கிழமை காலையில் ரிங்லெட்டிலிருந்து பஸ் பிடித்து வந்துவிடுவார். என் மனைவி அவருக்கு மட்டும் பால் ஊற்றாத தே-ஓ போட்டுக் கொடுப்பாள். நான் பேப்பரை விரித்துக்கொண்டு உட்காருவேன். அவர் பேசுவார். நான் பேப்பருக்குப் பின்னாலிருந்து 'ம்' போடுவேன். எங்கள் நட்பின் பெரும்பகுதி அந்த 'ம்'தான்.

அவருடைய பெரிய வழக்கு அவர் வீட்டுச் சாமி மேடையிலேயே இருந்தது. முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவில் ஒரு தேயிலைச் செடியின் படம். கறுப்பு வெள்ளையாக இருந்து பழுப்பேறியது. வெள்ளைக்காரத் துரைகள் காலத்தில் யாரோ ஒரு துரை, வேர் எவ்வளவு ஆழம் போகிறது என்று காட்டுவதற்காகச் செடியை முழுசாகப் பிடுங்கி, மண்ணைக் கழுவி, கம்பியில் கட்டி நிறுத்தி எடுத்தது. செடி தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பின்னால் ஒரு வெள்ளைத் துணி. துணியின் மேல் விளிம்பில் இரண்டு மூலையிலும் விரல்கள். துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றவருடையவை.

"அது எங்க தாத்தா, சிக்கு" என்பார். "எடது கை மோதிர வெரலப் பாருங்க, குட்டையா இருக்கும். செடிய கவாத்து வெட்டுறப்ப கத்தி பட்டு நுனி போயிருச்சு."

"உங்க தாத்தாவுக்கு வேற படமே இல்லையா?"

"அந்தக் காலத்துல நம்மாளுக்கு எவன் படம் புடிச்சான்? செடிக்குத்தான் புடிச்சான். அதுலயும் ஏழே முக்கா வெரலு உள்ள பூந்துட்டாரே மனுசன், அதுவே பெருசு லா!"

தீபாவளிக்கு முதல் நாள் எங்கள் பக்கத்தில் இறந்தவர்களுக்குப் படையல் போடுவோம். அவரவர் படத்தை எடுத்து வைத்து, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைப்போம். இந்தத் தாத்தாவுக்கு நெற்றி துணிக்குப் பின்னால் இருந்தது. எனவே அந்தக் குடும்பத்தில் வருஷம் தவறாமல் ஒரு சண்டை நடக்கும். விரல்களை வைத்துத் தலை எங்கே இருக்கும் என்று கணக்குப் போட வேண்டும். சி.ஐ.டி.யின் அப்பா உயரமாக வைத்தார், தன் அப்பா ஆறடி ஆள் என்பது அவர் கட்சி. அத்தை ஓர் அங்குலம் கீழே வைத்தாராம்: "அவரு குள்ளம்டா, கையத் தூக்கித்தான் புடிச்சிருப்பாரு." சி.ஐ.டி. இரண்டுக்கும் நடுவில் வைத்தார். சட்டத்தின் கண்ணாடி எப்போதோ உடைந்து போனதால் பொட்டுகள் நேராகப் படத்தின் மேலேயே ஊறியிருந்தன. வெள்ளைத் துணியில் மேலும் கீழுமாக இரண்டு தலைமுறைப் பொட்டு.

படம் யார் யார் கையில் இருந்தது என்பதை அவர் ஒப்பிக்கும் அழகே தனி. படத்தை என் மூக்குக்கு நேராக நீட்டுவார்.

"மேல் மூலையில ஓட்ட தெரியுதா? துரை ஆபீசுல பின்னு குத்துனது. இந்தா, வட்டமா ஒரு கற. துரை சீமைக்குப் போறப்ப குப்பையில போட்டுட்டுப் போனாரு. பங்களாவுல சமைக்கிற குசினிக்காரரு எடுத்துட்டுப் போயி ஊறுகா ஜாடிய அது மேல வச்சிட்டாரு. மோந்து பாருங்க, எலுமிச்சங்கா."

"ஒண்ணும் வரலையே."

"உங்களுக்குச் சளி. சரி, அவருக்கு ஒரு சேவலக் குடுத்து எங்கப்பா வாங்குனாரு. இந்த நடு மடிப்பு எங்க அத்த. கல்யாணமாயி கம்போங் ராஜாவுக்குப் போறப்ப யாருக்கும் தெரியாம மடிச்சுத் துணி மூட்டையில வச்சுக் கொண்டு போயிருச்சு. அது செத்தப்புறந்தான் எனக்கு வந்துச்சு. கீழ இந்தக் கோடு, அது என்னுது. பெர்த்தாமுல சேறு வந்த வருசம் என் வீடு அங்கதான இருந்துச்சு? கட்டிலு மேல வச்சிருந்தேன், கட்டிலே மெதந்துருச்சு."

"ம்" என்றேன், பேப்பரைத் திருப்பிக்கொண்டு.

"காயம் பண்ணவங்கதான் சிக்கு சொந்தக்காரங்க. காயத்த வரிசையாப் படிச்சா ஆளு பேரு வரும்."

இதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாதா என்று அவர் மகள் தேவி கேட்டிருக்கிறாள். தேவி என்னிடம் படித்தவள். "போன்ல வாசம் வராது" என்று மறுத்துவிட்டார். ஒரு படையலன்று அவருக்குத் தெரியாமல் எடுத்தாள். அதில் செடி இருந்தது, மாலையும் இருந்தது. மாலை மேல் ஓரத்தை முழுசாக மூடியிருந்தது.

இனி என் பங்கு.

கோயில் மண்டபத்தில் எஸ்டேட் பழம்பொருள் கண்காட்சி ஒன்று வைத்தோம். நான்தான் தலைவர். கொழுந்துக் கூடைகள், கவாத்துக் கத்திகள், கங்காணி ஒருவரின் குடை, எல்லாம் சேர்ந்தன. கோலாலம்பூரிலிருந்து ஒரு பெண் வருவதாக இருந்தது. பழைய புகைப்படங்களின் தாளையும் பூச்சையும் ஆராய்வதுதான் அவர் தொழில். சி.ஐ.டி.க்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம ஜாதி ஒண்ணு மலையேறி வருது" என்றார். படத்தை ஒரு பழைய வேட்டியில் சுற்றி, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார்.

"தொடைக்காதீங்க சிக்கு. அதுல இருக்கறது அழுக்கு இல்ல."

பள்ளிக்கூடத்தில் நான் பெயர் வாங்கியது பாடம் நடத்துவதில் அல்ல, படம் வெட்டி ஒட்டுவதில். பழைய காலண்டர், பத்திரிகை, எது கிடைத்தாலும் ஓரத்தை எஃகு அளவுகோல் வைத்து நறுக்கி, மணிலா அட்டையில் ஒட்டி, வகுப்புச் சுவரில் மாட்டுவேன். கண்காணிப்புக்கு வரும் அதிகாரிகள் என் படங்களின் முன்னால் நின்று பாராட்டிவிட்டுப் போவார்கள். ஒரு படத்தில் பாடத்துக்கு வேண்டாதது எதுவும் இருக்கக் கூடாது என்பது என் கொள்கை.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். அது பொய். எனக்குத் தெரியும். அந்த விரல்கள் யாருடையவை, அந்தப் பொட்டுகள் யார் வைத்தவை என்று எத்தனையோ சனிக்கிழமை கேட்டிருக்கிறேன். படித்த பெண் ஒருத்தி பட்டணத்திலிருந்து வந்து, செடிக்குப் பொட்டு வைத்துக் கும்பிடும் கூட்டம் என்று எங்களை நினைத்துவிடுவாளே என்று கூசினேன். அவ்வளவுதான் காரணம். இதற்கு மேல் பெரிய காரணம் ஏதும் இருந்திருந்தால் எழுதுவதற்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

பாத்திரம் கழுவும் எலுமிச்சைச் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, பஞ்சால் துடைத்தேன். பொட்டுகள் முதலில் ரோஜா நிறமாயின, பிறகு காணாமல் போயின. காய்ந்ததும் அளவுகோலை வைத்து மேல் ஓரத்தை நறுக்கினேன். விரல்கள் ஒரு நாடா போலத் தனியாக வந்து, மேசை மேல் சுருண்டு கொண்டன. பஞ்சோடு சேர்த்துக் குப்பையில் போட்டேன். பின்பக்கம் முழுக்கப் பசை தடவி அட்டையில் ஒட்டினேன். தூர நின்று பார்த்தேன். அழகாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

கண்காட்சியன்று நல்ல மழை. மண்டபத்தின் தகரக் கூரை அதிர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து செடிப் படத்தின் முன்னால் நின்றார். தொடவில்லை. தலையைச் சாய்த்து, வெளிச்சம் சரிவாக விழும்படி பார்த்தார்.

"சார், இதக் கழுவியிருக்காங்க. இது ஜெலட்டின் பூச்சுத் தாள். தண்ணி பட்டா பூச்சு ஊதி உரிஞ்சிடும், இந்தா, உரிஞ்சிருக்கு. அப்புறம் மூணு ஓரமும் வெள்ளி மாதிரி மின்னுது பாருங்க, வயசானா அப்படித்தான் ஆகும். மேல் ஓரம் மட்டும் மின்னல. அத இப்பத்தான் வெட்டியிருக்காங்க." என்னை நிமிர்ந்து பார்த்தார். "அந்த ஓரத்துல என்ன சார் இருந்துச்சு?"

அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சி.ஐ.டி. வந்துவிட்டார். கல்யாணத்துக்குப் போடும் கோட்டைப் போட்டிருந்தார். "எங்க, காட்டுங்க எங்க தாத்தாவ" என்று சிரித்துக்கொண்டே குனிந்தார்.

மூக்கை வைத்தார். சிரிப்பு நின்றது. இன்னொரு முறை மோந்தார். பூதக்கண்ணாடியை எடுத்து மேல் ஓரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகப் பார்த்தார். பிறகு துணியின் நடுப்பகுதியை, ஒன்றுமில்லாத வெள்ளையை, வெகு நேரம் பார்த்தார். அப்புறம் கண்ணாடியை இறக்காமலேயே என் பக்கம் திரும்பினார். அதன் வழியாக அவருடைய ஒரு கண் மட்டும் கோழி முட்டையளவுக்குப் பெரிதாக என்னைப் பார்த்தது. என் வாழ்நாளில் அவ்வளவு பக்கத்தில் என்னை யாரும் பார்த்ததில்லை.

"கரையான் மா" என்றார், அந்தப் பெண்ணிடம். "எங்க வீட்டுக் கரையான். நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்."

"கரையான் இவ்ளோ நேரா அரிக்குமாங்க?"

"இந்த மலையில அரிக்கும் லா. இஸ்கூலு படிச்ச கரையான்."

மண்டபமே சிரித்தது. "சி.ஐ.டி. இன்னிக்கும் கோட்டை விட்டாரு!" என்று யாரோ கத்தினார்கள். நானும் சிரித்தேன். செய்ததிலேயே மோசமானது எது என்று என்னைக் கேட்டால், கழுவியது, வெட்டியது, ஒட்டியது, மூன்றையும் சொல்ல மாட்டேன். அந்தச் சிரிப்பைத்தான் சொல்வேன்.

படத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த வருஷப் படையலில் தாத்தாவுக்குப் பொட்டு வைக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். கணக்குப் போட விரல் இல்லை. யாரும் சண்டையும் போடவில்லையாம்.

சனிக்கிழமை அவர் வருவது நிற்கவில்லை. நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவர் சொல்வதைக் கேட்க ஆரம்பித்தேன். ஆனால் அவர் சொல்வது குறைந்துவிட்டது. ஒரு நாள் துணிந்து, "சி.ஐ.டி., அந்தப் படம்..." என்று தொடங்கினேன். சட்டென்று எழுந்தார். "மழ வரும் போல இருக்கு சிக்கு, கெளம்புறேன்." வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவருடைய துப்பு வழக்கம்போலத் தப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அவரைப் போக விட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சுச் சளி. ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். போனவர் திரும்பி வந்தபோது ஊருக்கு அவருடைய நிஜப் பெயர் தெரிந்தது.

கருமாதி முடிந்த மறுநாள் ரிங்லெட்டுக்குப் போனேன். தேவி வாசலில் பாய்களை உதறிக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயம்.

"தேவி, உங்க அப்பாவோட தாத்தா படத்த அரிச்சது கரையான் இல்லம்மா. நான்தான். பொட்டக் கழுவினதும் நான், வெரல வெட்டினதும் நான். தெரிஞ்சேதான் செஞ்சேன்."

அவள் கையிலிருந்த பாயை உதறி முடித்து, கம்பியில் போட்டு, சுருக்கம் நீவினாள். உள்ளே போனாள். கதவைச் சாத்திவிடுவாள் என்று நினைத்தேன். வேட்டியில் சுற்றிய படத்தோடு வந்தாள்.

"ஆஸ்பத்திரியில அப்பா சொன்னாரு. 'சிக்கு வந்து தானா வாயத் தொறந்து சொன்னாருன்னா இத அவருகிட்ட குடு. சொல்லலேன்னா வச்சுக்க. நீயாக் கேக்காத, பாவம்'னாரு."

"எனக்கு எதுக்கும்மா?"

"நானும் அதத்தான் சார் கேட்டேன். கத்துனேன். வெட்டுன கைக்கே குடுக்கறதான்னு. 'வெட்டுனவருதான் அடுத்த ஆளு, வரிசைய மாத்தக் கூடாது'ன்னுட்டாரு." படத்தை என் கையில் வைத்தாள். "அப்பா சொன்னதால குடுக்கறேன். நான் மன்னிச்சிட்டேன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க."

"நெனக்க மாட்டேம்மா."

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

படம் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. அந்தக் கோலாலம்பூர்ப் பெண்ணிடம் காட்டினேன். நடந்ததை அவரிடமும் சொன்னேன். அட்டையிலிருந்து பிரிக்க முயன்றால் மிச்சமும் போய்விடும், அப்படியே இருக்கட்டும் என்றார்.

படையலுக்கு எங்கள் வீட்டில் என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மட்டும் இலை போடுவது வழக்கம். இந்த வருஷம் தாப்பாவிலிருந்து வாழை இலை கொண்டு வரும் லோரிக்காரரிடம் கூடுதலாகச் சொல்லி வைத்தேன். முகம் தெரியாத அந்தக் கவாத்துக்காரருக்கு ஓர் இலை. அதன் பக்கத்தில் இன்னோர் இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தபோது என் மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். யாருக்கு என்று கேட்கவில்லை.

"அப்ப தே-ஓ போடணும்" என்றாள். "பால் ஊத்துனா அந்த மனுசன் தொடமாட்டாரு."

நான் அடுப்படிக்குப் போய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன்.